பத்துப் பக்கம், ஒரு செடி

(சித்திரை முதல் நாள் மாலை நம் சங்கக் கூடத்தில் நடந்த தமிழ்ப் புத்தாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

'தினசரி வாசிப்பும் வீட்டுத் தோட்டமும்' என்று தலைப்புக் கொடுத்து, இருபது நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். படிப்பது வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை, பூ பார்ப்பது வெளியே போய்ச் செய்கிற வேலை, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். இரண்டும் சேர்ந்தால்தான் இரண்டுமே முழுமையாகும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த விஷயம். கடைசியில் நம் பார்க்கிங் ஓரத்துப் புங்க மரங்களைப் பற்றி ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அதையும் கேட்ட பிறகுதான் சுண்டல் என்று செயலாளர் உறுதி கொடுத்திருக்கிறார்.

முதலில் ஒரு கணக்கு

வங்கியில் வேலை பார்த்தவன் கணக்கில் தொடங்குவதுதான் முறை. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் படிப்போம். நிதானமாகப் படித்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. வருஷத்துக்கு 3,650 பக்கம். 200 பக்கப் புத்தகமாக வைத்துக்கொண்டால் 18 புத்தகம். பத்து வருஷத்தில் 180 புத்தகம். அறுபது வயதில் தொடங்குகிறவர் எழுபது வயதில் ஒரு அலமாரி நிறையப் படித்து முடித்திருப்பார். சிறு தொகையாகப் போட்டு வந்த ரெக்கரிங் டெபாசிட் முதிர்ச்சி அடைவது போலத்தான் இதுவும்.

"நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நேற்றுக் காலை வந்த பத்துச் செய்தியில் இன்று எத்தனை நினைவில் இருக்கிறது? அதில் ஒவ்வொன்றும் அடுத்ததைத் தள்ளிவிட்டுப் போகிறது. புத்தகத்தில் பத்தாம் பக்கம் ஒன்பதாம் பக்கத்தின் மேல் உட்காருகிறது. நாளைக்கு விட்ட இடத்தில் எடுக்கலாம். வயதான காலத்தில் 'விட்ட இடம்' என்று ஒன்று இருப்பது மனசுக்குப் பெரிய பிடிமானம்.

புத்தகம் வாங்கக் காசு என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி சேர்ந்திருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஒருவர் 5,000 ரூபாய் வரி கட்டினால் 500 ரூபாய் நூலகத்துக்குப் போகிறது. ஆண்டுதோறும் நாம் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறோம், போய்ப் புத்தகம் எடுக்கத்தான் மறந்துவிட்டோம். பணம் கட்டிவிட்டு லாக்கரைத் திறந்தே பார்க்காதவர்களை வங்கியில் நிறையப் பார்த்திருக்கிறேன். இதுவும் அந்தக் கதைதான்.

இந்த வரிக்கு அடிப்படை 1948-ஆம் ஆண்டின் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் அது. அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். சீர்காழியில் பிறந்தவர். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கம் இருந்த காலத்தில் அங்கே கணிதம் படித்தவர். கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். புத்தகங்கள் பயன்படுத்துவதற்காக என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பவை அடுத்த இரண்டு. நமக்கான புத்தகம் ஏதோ ஒரு கிளை நூலகத்தின் அலமாரியில் காத்திருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம்.

நம் ஊர் இளவேனில்

சரி, செடிக்கு வருவோம்.

சென்னைக்கு மூன்றே பருவம்தான், வெயில், கடும் வெயில், கத்திரி வெயில் என்று விளையாட்டாகச் சொல்வோம். நம் முன்னோர் வருஷத்தை ஆறாகப் பிரித்தார்கள். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இன்று இளவேனிலின் முதல் நாள்.

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நம் பக்கத்துத் தெருக்களில் தை மாதத்திலிருந்து நடந்து பார்த்தால் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்து வருவது தெரியும். மார்கழி முடியும்போது மாமரம் பூவெடுக்கிறது. தை, மாசியில் கல்யாண முருங்கை இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கும். மாசி கடைசியில் சாலையோரம் ரோஜா நிறத்தில் பூத்துக் கொட்டுகிற டபீபூயா மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம். பங்குனியில் வேம்பு பூக்கும். அதே பங்குனியில் புங்க மரம் பழைய இலையை உதிர்த்துவிட்டு, இரண்டொரு வாரத்தில் கண் கூசுகிற பளபளப்போடு இளம்பச்சைத் தளிர் விடும். சித்திரையில் சரக்கொன்றை மஞ்சள் சரமாகத் தொங்கும். வெயில் ஏற ஏற, மே மலர் என்று நாம் சொல்லும் குல்மோகர் சிவக்கும். அதன் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு.

மல்லிகைக்கு இதுதான் காலம். தாம்பரம் மார்க்கெட்டில் பூ வாங்குகிற நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், தை மாதத்தில் மல்லிகை விலை கேட்டாலே பயமாக இருக்கும், சித்திரையில் முழம் முழமாக வாங்கலாம். பனிக்காலத்தில் மொட்டு வைப்பது குறைவு, வெயிலில் அதிகம். சந்தை விலையே ஒரு பருவக் குறிப்பேடு.

இன்று காலை உங்கள் வீட்டில் வேப்பம்பூப் பச்சடி செய்திருப்பீர்கள். ஏன் சித்திரை முதல் நாளில் வேப்பம்பூ? அன்றைக்குத்தான் அது மரத்தில் இருக்கிறது. நம் பண்டிகைகளில் பல இப்படிச் செடி கொடியின் நாட்காட்டியைப் பார்த்து வைத்தவைதான். பாக்கெட்டில் வாங்கிப் பச்சடி செய்யும்போது அந்தத் தொடர்பு கண்ணில் படுவதில்லை. பி பிளாக் பின்னால் நிற்கிற வேப்ப மரத்தடியில் நாளைக் காலை ஒரு பழைய வேட்டியை விரித்து வையுங்கள். வருஷம் முழுக்க ரசம் வைக்கப் பூ கிடைக்கும்.

படித்தால்தான் தெரிகிறது

இப்போது இரண்டையும் சேர்க்கிறேன்.

குறுந்தொகை என்ற சங்க நூலின் பெயரை எல்லோரும் கேட்டிருப்போம். உ.வே. சாமிநாதையர் உரையோடு 1937-இல் அச்சானது. அதில் கோப்பெருஞ்சோழன் பாடிய ஒரு பாட்டில் வீட்டு முற்றத்துப் புன்க மரம் வருகிறது. புன்கு என்பதுதான் நம் புங்கம். அந்தப் பூக்கள் வெள்ளை மணலில் உதிர்ந்து கிடப்பதைப் பார்த்த கவிஞருக்கு, வேலன் வெறியாட்டு நடத்துகிற களத்தில் நெல்பொரியைச் சிதறி வைத்தது போலத் தோன்றுகிறது.

இந்தப் பாட்டின் பொருளைத் தெரிந்துகொண்டு நாளைக் காலை ஆறு மணிக்கு நம் பார்க்கிங் பக்கம் போய்ப் பாருங்கள். பொரிதான். வேறு எந்த உவமையும் பொருந்தாது. வெளுப்பும் லேசான ரோஜா நிறமும் கலந்த சின்னச் சின்னப் பூ, தரை தெரியாமல் பரவிக் கிடக்கும். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு சோழ அரசன் பார்த்த அதே காட்சி. படிக்காமல் பார்த்தால் அது குப்பை. பார்க்காமல் படித்தால் அது பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற செய்யுள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தவருக்குத்தான் பாட்டும் கிடைக்கிறது, பூவும் கிடைக்கிறது.

இன்னொரு உதாரணம். கொன்றை சங்கப் பாடல்களில் கார்காலத்துப் பூ. மழை தொடங்கும்போது திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன தலைவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி சமாதானம் சொல்கிறாள். என்னவென்று தெரியுமா? இந்தக் கொன்றை மரங்களுக்கு அறிவில்லை, காலமில்லாத காலத்தில் வந்த மழையைக் கார்காலம் என்று நினைத்து அவசரப்பட்டுப் பூத்துவிட்டன என்கிறாள். இதுவும் குறுந்தொகைதான், 66-ஆம் பாட்டு. 'இந்த மரம் சரியான காலத்தில்தான் பூத்ததா' என்கிற விவாதம் நம் ஊரில் அத்தனை பழையது. எந்த மரம் எந்த மாதத்தில் பூக்க வேண்டும் என்று தெரிந்த கூட்டத்துக்குத்தான் இந்தப் பாட்டில் இருக்கிற சாமர்த்தியம் புரியும். இன்று நாம் சரக்கொன்றையை அதிகம் பார்ப்பது சித்திரை, வைகாசியில். இது நமக்கே வியப்பாக வேண்டிய செய்தி. வியப்பு வர வேண்டுமென்றால் பாட்டும் தெரிய வேண்டும், மரமும் தெரிய வேண்டும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயரை வரிசையாக அடுக்குகிறார். பத்துப்பாட்டை 1889-இல் பதிப்பித்த உ.வே.சா.வுக்கு முதலில் கிடைத்த ஏடுகளில் அந்த வரிசையில் சில பூக்களின் பெயர் விடுபட்டிருந்தது. ஊர் ஊராகத் தேடி, தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அந்தப் பெயர்களைக் கண்டுபிடித்தார். சில பூக்களின் பெயருக்காக ஒரு மனிதர் அத்தனை அலைந்திருக்கிறார். நம் குடியிருப்புக்குள் எத்தனை வகைச் செடி, மரம் இருக்கிறது என்று யாராவது எண்ணியிருக்கிறோமா? அவற்றில் எத்தனைக்குப் பெயர் சொல்வோம்?

சாதாரணச் செடிக்கும் இது பொருந்தும். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கிற நித்தியகல்யாணியைப் பாருங்கள். அதுவும் மடகாஸ்கரிலிருந்து வந்ததுதான். அதன் இலையிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின் என்ற மருந்தைக் குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள். உடனே யாரும் இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிட வேண்டாம். அது நச்சுத்தன்மை உள்ள செடி, மருத்துவர் கையில்தான் மருந்து. நான் சொல்ல வந்தது வேறு. தினமும் கடந்து போகிற ஒரு செடியைப் பற்றி இரண்டு பக்கம் படித்தால், மறுநாள் அது வேறு செடியாகத் தெரியும்.

தாம்பரத்தில் ஒரு வேதியியல் பேராசிரியர்

"நான் பாட்டனி படிக்கவில்லையே" என்று யோசிப்பவர்கள் இருப்பீர்கள். நான் படித்தது பி.காம். இலையின் பாகங்களைவிட டெபிட், கிரெடிட்தான் எனக்கு நன்றாகத் தெரியும். நமக்கெல்லாம் தைரியம் கொடுக்கிற ஒருவர் நம் ஊரிலேயே வாழ்ந்திருக்கிறார்.

குறுந்தொகை சாமிநாதையர் பதிப்பாக வந்த அதே 1937-இல்தான் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. சேலையூர்க் காட்டில் 365 ஏக்கர் நிலம். அப்போது பெரும்பாலும் முட்புதர்க் காடு. அந்தக் கல்லூரியில் எட்வர்ட் பார்ன்ஸ் என்று ஒரு ஆங்கிலேயர் இருந்தார். அவர் நடத்தியது வேதியியல் பாடம். மனசு முழுக்கச் செடி கொடியில். நீலகிரி, பழனி மலைகளில் அலைந்து, அங்கே பூக்கும் தாவரங்களைப் பற்றிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். பாம்பு படமெடுத்தது போலப் பூக்கும் அரிசீமா என்ற இனத்தில் ஒரு செடிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவரும் மனைவி ஆலிஸும் தாம்பரம் வளாகத்தின் மரம், செடிகளுக்காக உழைத்தார்கள். இன்று ரயிலில் போகும்போது கிழக்கே தெரிகிற அந்தப் பசுமையில் அவர்கள் பங்கும் இருக்கிறது.

பகலில் ரசாயனம், மிச்ச நேரத்தில் செடி. அவருக்கு அது சம்பளம் தந்த வேலை இல்லை. தினமும் பார்த்தார், படித்தார், எழுதி வைத்தார். இந்த மூன்றும் பாட்டனி பட்டம் இல்லாத யாராலும் முடியும்.

ஒரு வரி எழுதி வையுங்கள்

மூன்றாவதாக 'எழுதி வைத்தார்' என்று சொன்னேன். அதை விட்டுவிடாதீர்கள்.

ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் செர்ரிப் பூ என்றைக்கு முழுதாகப் பூத்தது என்ற குறிப்பு ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கிறது. விஞ்ஞானிகள் எழுதியது இல்லை. அரண்மனைக்காரர்களும் துறவிகளும் தங்கள் நாட்குறிப்பில், இன்று பூ பார்க்கும் விழாவுக்குப் போனோம் என்று எழுதி வைத்தது. பிற்காலத்தில் அந்த நாட்குறிப்புகளையெல்லாம் தேடிப் படித்து வரிசைப்படுத்தினார்கள். 2021-இல் மார்ச் 26-ஆம் தேதி முழுப் பூ. அதுவரையிலான 1,200 வருஷக் கணக்கில் அதுவே மிக முன்னதாக வந்த தேதி என்று அப்படித்தான் தெரிந்தது.

காந்தியடிகள் படித்துப் போற்றிய அமெரிக்க எழுத்தாளர் தோரோவும் இப்படித்தான். 1850-களில் தன் ஊரான கான்கார்டில் எந்தப் பூ என்றைக்குப் பூத்தது என்று வருஷா வருஷம் குறித்து வைத்தார். நூற்றைம்பது வருஷம் கழித்து பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அதே ஊரில், அதே செடிகளைத் தேடிப் பார்த்தார்கள். வசந்தப் பூக்கள் பல ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகவே பூக்கின்றன என்று தெரிந்தது. வெப்பம் கூடியதற்கு ஒரு எழுத்தாளரின் நோட்டுப் புத்தகம் சாட்சி சொல்கிறது.

நம் நாட்டிலும் சீசன்வாட்ச் என்ற திட்டம் நடக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை அதில் தளிர், பூ, காய் எவ்வளவு என்று பதிவு செய்ய வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் நிறையச் செய்கிறார்கள். நம் குழந்தைகளும் சேரலாம், அவர்களை அழைத்துப் போகிற தாத்தா பாட்டிகளும் சேரலாம்.

வங்கியில் டே புக் என்று ஒன்று எழுதுவோம். அன்றைய வரவு செலவை அன்றே எழுதிவிட வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. அதே மாதிரி ஒரு நோட்டு வையுங்கள். இடது பக்கம் இன்று படித்த பக்கம். வலது பக்கம் இன்று பார்த்த செடி. ஆளுக்கு ஒரு வரி போதும். 'பங்குனி 20, கொன்றையில் முதல் சரம்.' 'சித்திரை 3, செம்பருத்தியில் மாவுப்பூச்சி.' அடுத்த வருஷம் அதே தேதியில் புரட்டிப் பாருங்கள். அந்த நோட்டில் இருப்பது உங்கள் வருஷம். வேறு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

எப்படித் தொடங்குவது

நேரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். காலையில் காபி குடித்ததும் பத்துப் பக்கம். முடித்ததும் பத்து நிமிடம் ஒரே ஒரு செடி. பத்துச் செடியை ஒரு நாளில் சுற்றிப் பார்ப்பதைவிட ஒரு செடியைப் பத்து நாள் பார்ப்பது மேல். மொட்டு எத்தனை நாளில் விரிகிறது, எந்த நேரத்தில் தேனீ வருகிறது, எறும்பு எங்கே போகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பூவரசம் பூ காலையில் மஞ்சளாக இருந்து வாடும்போது சிவந்துவிடும். ஒரே ஒரு நாள் மட்டும், அதுவும் காலையில் மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது.

மாடியிலிருந்து இறங்க முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். பால்கனியில் ஒரு தொட்டி மல்லிகை அல்லது சங்குப்பூ போதும். சங்குப்பூவுக்கு வெயிலும் ஒரு கயிறும் இருந்தால் சரி. கண் பார்வை குறைந்தவர்களுக்குப் பேரப் பிள்ளைகள் பத்துப் பக்கத்தில் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டட்டும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளுக்கும் அது பயிற்சி.

எதைப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு மூன்று பெயர். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவருடைய நூல்களை இலவசமாகப் படிக்கலாம். அடுத்தது, மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர் 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளின் தொகுப்பு இது. அதைத் தொகுத்த சு. தியடோர் பாஸ்கரன் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் வரலாறு படித்து, அஞ்சல் துறையில் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது, பி.எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்'. பாட்டில் வரும் செடி இன்றைய எந்தச் செடி என்று தெரிந்துகொள்ள உதவும்.

இனி அந்தப் புங்க மரங்கள்

போன கூட்டத்தில் பார்க்கிங் ஓரத்து இரண்டு புங்க மரங்களையும் எடுத்துவிட்டுப் பேவர் பிளாக் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சொன்னவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் சொன்ன குறை எல்லாம் உண்மை. கார் கண்ணாடியில் பூ ஒட்டிக்கொள்கிறது. மழைநீர்க் குழாய் வாயை இலை அடைக்கிறது. ஈரமான பூவில் கால் வழுக்குகிறது என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். பெருக்குகிற அம்மாவுக்கு இரட்டை வேலை. இது ஒரு பக்கம், பற்று.

வரவுப் பக்கத்தையும் எழுத வேண்டாமா? அந்த இரண்டு மரம் இல்லாவிட்டால் அந்த வரிசைக் கார்கள் கத்திரி வெயிலில் நேராகக் காயும். ஏ பிளாக் மேற்குச் சுவருக்கு மாலை நிழல் போகும். புங்கம் வேரில் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணை வளப்படுத்துகிற மரம், வறட்சியும் தாங்கும். அதன் தழையும் பூவும் நல்ல உரம். அந்த மண் திறந்திருப்பதால் மழைநீர் இறங்குகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாட்டைப் பார்த்த நாம், தண்ணீர் இறங்குகிற இடத்தை மூடுவதற்கு முன்னால் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். முடிவை அடுத்த சித்திரை வரை தள்ளி வையுங்கள். செக்யூரிட்டி மேஜையில் ஒரு பதிவேடு வைப்போம். மாதம் ஒரு பிளாக் பொறுப்பு. இலை எப்போது உதிர்ந்தது, தளிர் எப்போது, பூ எத்தனை நாள் கொட்டியது, எத்தனை கூடை பெருக்கினார்கள், குழாய் எத்தனை முறை அடைத்தது, மதியம் இரண்டு மணிக்கு நிழல் எத்தனை கார் மேல் விழுகிறது, எல்லாவற்றையும் எழுதுவோம். கூடவே குழாய் வாய்க்கு ஒரு கம்பி வலை போடலாம். பின்பக்க மூலையில் உரக்குழி வெட்டலாம். பூக் கொட்டுகிற வாரங்களில் மட்டும் பெருக்குகிற அம்மாவுக்குக் கூடுதல் கூலி கொடுக்கலாம். வீட்டுக்கு எத்தனை ரூபாய் வரும் என்று பொருளாளரும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறோம்.

ஒரு வருஷக் கணக்கைப் பார்த்த பிறகும் எடுக்கத்தான் வேண்டும் என்று பெரும்பான்மை சொன்னால், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் கணக்கைப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். வங்கியில் ஒரு பதிவு தவறாகிப் போனால் மறுநாள் ரிவர்சல் என்ட்ரி போட்டுச் சரி செய்துவிடலாம். வெட்டிய மரத்துக்கு ரிவர்சல் கிடையாது. அந்த உயரத்துக்கு இன்னொரு மரம் வளரும்போது முன்வரிசையில் இருக்கும் இந்தக் குழந்தைகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

குழந்தைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பார்க்கிங்கில் கூடுவோம். நம் வளாகத்தில் இருக்கிற மரம், செடி எல்லாவற்றையும் எண்ணி, தமிழ்ப் பெயர் எழுதிப் பலகை கட்டுவோம். ஆணி அடிக்கக் கூடாது, கயிறுதான். பெயர் தெரியாதவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போவோம். நூலக வரி கட்டியிருக்கிறோம், உரிமையோடு போகலாம்.

சுண்டல் ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.